மைவிக்கு ஏன் இந்த மவுசு?

எஸ்.பி.எம். தேர்வு முடிந்து 'பி' உரிமமும் கைக்கு வந்துவிட்டால், நம் வீட்டுப் பிள்ளைகள் அடுத்து என்ன கேட்பார்கள் என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். "எந்தக் காடி எடுக்கலாம்?" என்பதுதான் அது. அதற்குப் பெரும்பாலோர் சொல்லும் பதிலும் தெரிந்ததுதான்: மைவி.

நான் சிரம்பான், லோபாக்கில் பிறந்து வளர்ந்தவன். நீலாயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை. பல ஆண்டுகளாக நான் ஓட்டுவது இரண்டாம் தலைமுறை மைவி 1.5, கையால் கியர் மாற்றும் வகை. எங்கள் தாமான் பையன்கள் கார் வாங்கும் முன் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்பது வழக்கம். "அண்ணே, மைவி நல்லா பறக்குமாண்ணே?" என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. மாதத் தவணையைப் பற்றிக் கடைசியில்தான் கேட்பார்கள். சிலர் அதையும் கேட்பதில்லை.

இந்தச் சிறிய கார் ஏன் வேகமாகத் தோன்றுகிறது? அந்த வேகம் எங்கே நமக்கு இன்பம் தருகிறது, எங்கே நம்மை விழுங்குகிறது? முதல் சம்பளக்காரனின் பணப்பைக்கு அது என்ன செய்யும்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தவர் எந்தக் காரையும் நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

கோல்ஃப் தொடங்கி வைத்த ஆசை

பின்புறம் பெட்டி நீட்டாமல், மேல்நோக்கித் திறக்கும் கதவோடு இருக்கும் சிறிய காரை ஹேட்ச்பேக் என்கிறோம். சந்தைக்கும் பள்ளிக்கும் போய்வரத்தான் இது பிறந்தது. அதற்குள் வலுவான இயந்திரத்தை வைத்தால் என்ன ஆகும் என்று காட்டியவர்களில் முக்கியமானவர்கள் ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் நிறுவனத்தார். 1976-இல் அவர்கள் கோல்ஃப் ஜிடிஐ காரை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். 1.6 லிட்டர் இயந்திரம், 110 குதிரைத்திறன். காரின் எடையோ 800 கிலோவைச் சற்றே தாண்டியது. 5,000 கார்கள் விற்றால் போதும் என்றுதான் தொடக்கத்தில் நினைத்தார்கள். அந்த முதல் தலைமுறை மட்டும் 450,000-க்கும் மேல் விற்றது.

வாரம் முழுதும் வேலைக்குப் போகும் அதே கார், ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் பந்தயக் கார்போல் வளைந்து ஓடும். இரண்டு கார் வாங்க வசதியில்லாத குடும்பத்துக்கு அது இரண்டு காராக இருந்தது. அந்த ஆசை உலகம் முழுதும் பரவி நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

மலேசியாவில் அதற்கு வடிவம் கொடுத்தது புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. புரோட்டோன் 1996-இல் பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. சாலையை விட்டு நழுவாமல் கார் வளைவதற்கான நுட்பத்தில் பேர்போன நிறுவனம் அது. 1990-களின் இறுதியில் வந்த சத்ரியா ஜிடிஐ-க்கு லோட்டஸ் பொறியாளர்கள்தான் வளைவுத் திறனைச் செதுக்கிக் கொடுத்தார்கள். 1.8 லிட்டர் இயந்திரம், 140 குதிரைத்திறனை ஒட்டிய ஆற்றல், ஐந்து கியர், மூன்று கதவுகள். என் வயதுக்காரர்களின் கனவுக் கார் அது. திருடர்களுக்கும் அது பிடித்த காராக இருந்தது என்பது வேறு கதை.

நம் நாட்டுக்காரர்கள் கார் ஓட்டி உலகப் பெயர் எடுத்ததும் உண்டு. கரம்ஜிட் சிங் 2002-இல் புரோட்டோன் பெர்ட் காரில் உலக ரேலி போட்டியின் தயாரிப்புக் கார் பிரிவில் வாகை சூடினார். சத்ரியாவின் அடுத்த தலைமுறையான சத்ரியா நியோவின் பந்தய வடிவத்தை ஓட்டி, ஸ்காட்லாந்தின் அலிஸ்டர் மெக்ரே 2011-இல் ஆசிய பசிபிக் ரேலி பட்டத்தை வென்றார். அந்தப் பட்டத்தைத் தந்தது மலேசிய ஹேட்ச்பேக் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

மைவி வந்த கதை

பெரோடுவா நிறுவனம் 1993-இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே கன்சில் சாலைக்கு வந்தது. 660 சிசி இயந்திரம், 31 குதிரைத்திறன். மோட்டார் சைக்கிளில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மழையில் நனைந்த எத்தனையோ தோட்டக் குடும்பங்களுக்கு முதன்முதலில் கூரை கொடுத்த வாகனம் கன்சில்தான்.

மைவி வந்தது 2005 மே மாதத்தில். ஜப்பானின் டைஹாட்சு பூன், டொயோட்டா பாசோ ஆகிய கார்களோடு ஒரே அடித்தளம். முதல் தலைமுறையில் 1.3 லிட்டர் இயந்திரம் ஏறக்குறைய 86 குதிரைத்திறன் தந்தது. 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் 1.5 லிட்டர் சேர்ந்தபோதுதான் இளைஞர் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆற்றல் நூறு குதிரைத்திறனைத் தாண்டியது. அதிலும் 1.5 இயந்திரமும் கைக்கியரும் சேர்ந்து கிடைத்தது அந்தத் தலைமுறையில் மட்டுமே. 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறையில் கைக்கியர் 1.3 வகையோடு நின்றது. 2021 நவம்பரில் வந்த புதுப்பிப்பில் அதுவும் போய், எல்லா மைவிக்கும் சிவிடி தானியங்கிக் கியர் வந்துவிட்டது.

இதுவரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மைவிகள் விற்றிருக்கின்றன. நெடுஞ்சாலையில் பெரிய ஐரோப்பியக் காரையே ஒரு மைவி முந்திக்கொண்டு போகும் வேடிக்கைப் படங்களை நீங்களும் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கேலியில் பாதி பெருமையும் கலந்திருக்கிறது.

வேகமாகத் தோன்றுவதன் இரகசியம்

இயற்பியல் பாடத்தில் படித்த நியூட்டனின் இரண்டாம் விதியை இங்கே நினைவுக்குக் கொண்டு வாருங்கள். விசை என்பது பொருண்மையும் முடுக்கமும் பெருக்கி வருவது. ஒரே விசையைக் கனமான பொருளின் மேல் செலுத்தினால் முடுக்கம் குறையும். இலேசான பொருளின் மேல் செலுத்தினால் கூடும். ஆகவே ஒரு கார் விரைவாகக் கிளம்புமா என்று அறிய, குதிரைத்திறனை மட்டும் பார்க்கக் கூடாது. அதை எடையால் வகுத்துப் பார்க்க வேண்டும்.

மைவி 1.5 ஏறக்குறைய ஒரு டன் எடை. ஆற்றல் 102 குதிரைத்திறன். ஆக, டன்னுக்கு நூறு. சத்ரியா ஜிடிஐ-க்கு இதே கணக்கைப் போட்டால் டன்னுக்கு 130 அளவில் வரும். 1976-இன் கோல்ஃப் ஜிடிஐ-க்கு 135 அளவில். கன்சிலுக்கு ஐம்பதைத் தொடாது. கன்சிலிலிருந்து மைவிக்கு மாறிய நம் மக்கள் ஒரே தாவலில் இரு மடங்கு ஆற்றலை உணர்ந்தார்கள். "மைவி பறக்குது" என்ற பேச்சுக்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. இயந்திரம் சக்கரத்தைத் திருப்பும் பலத்துக்கு முறுக்குவிசை என்று பெயர். மைவி 1.5-இல் அது ஏறக்குறைய 136 நியூட்டன் மீட்டர், உச்ச அளவு 4,000 சுற்றைத் தாண்டியதும் கிடைக்கிறது. கார் இலேசாக இருப்பதால், அந்த உச்சத்துக்குப் போகாமலேயே நகரச் சாலையில் சட்டென்று நகர்கிறது. சமிக்ஞை விளக்கிலிருந்து கிளம்பும்போது 0-விலிருந்து 60 கிலோமீட்டர் வரை கிடைக்கும் அந்தத் துள்ளல்தான் நமக்குப் பிடிக்கிறது.

ஆனால் அந்தத் துள்ளல் மேலே போகப் போகக் குறைந்துவிடும். காற்று கொடுக்கும் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 60-இல் இருக்கும் காற்றெதிர்ப்பைவிட 120-இல் நான்கு மடங்கு. உயரமான உடலும் சிறிய இயந்திரமும் கொண்ட கார் 120-க்கு மேல் மூச்சு வாங்கத் தொடங்கும். சத்தம் கூடும், எண்ணெய் கூடுதலாக எரியும், காற்று வீசினால் கார் ஆடும். மைவியின் இன்பம் முழுதும் சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. என் பல ஆண்டு அனுபவத்தில் நான் கற்ற முக்கியப் பாடம் இது. அதற்குமேல் மிதித்தால் கிடைப்பது இன்பமல்ல, இரைச்சல்.

நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டர் தூரத்தை 110-இல் கடக்க 13 நிமிடமும் சில வினாடிகளும் ஆகும். 140-இல் போனால் பத்தே முக்கால் நிமிடம். மிச்சமாவது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. நீலாய் டோலில் ஒரு வரிசை மாறி நின்றால் அந்த மூன்று நிமிடமும் போய்விடும்.

வளைவு சொல்லும் பாடம்

நெகிரி செம்பிலானில் நல்ல மலைப்பாதைகள் உண்டு. சிரம்பானிலிருந்து குவாலா பிலாவுக்குப் போகும் வழியில் புக்கிட் புத்துஸ் பழைய சாலை, மந்தின் பக்கம் போகும் பழைய கூட்டரசு சாலை இரண்டும் பாம்புபோல் நெளிபவை. கைக்கியரை இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் மாற்றி, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவு திறக்கும்போது மெல்ல எண்ணெயைக் கொடுத்து ஓட்டினால், மணிக்கு 50 கிலோமீட்டரிலேயே முகத்தில் புன்னகை வந்துவிடும். சிறிய, இலேசான கார் தரும் சுகம் அது. கனமான பெரிய காரில் அதே உணர்வைப் பெற இன்னும் வேகமாகப் போக வேண்டியிருக்கும்.

அதே வளைவில் 70-இல் நுழைந்தால்? 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் டயர்கள் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசை, காரின் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 40. வேகம் 70 ஆனால் அது நூற்றுக்கு 77. வேகம் கூடியது 1.4 மடங்குதான், விசையோ இரண்டு மடங்கு. காய்ந்த சாலையில் நல்ல டயர் இதைத் தாங்கலாம். மாலை மழைக்குப் பிறகு, இலைச் சருகும் மண்ணும் கிடக்கும் மலைச்சாலையில் தேய்ந்த டயர் தாங்காது.

நிறுத்தும் தூரத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆகும் என்று வைப்போம். 60-இல் போகிறவர் அதற்குள் 25 மீட்டர் கடந்திருப்பார். பிறகு காய்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 45. 90-இல் போகிறவர் பிரேக்கை மிதிக்கும் முன்பே 37 மீட்டர் போய்விடுவார். நிற்க இன்னும் 45 மீட்டர். மொத்தம் 80 மீட்டருக்கும் மேல். சாலை நனைந்திருந்தால் நூறு மீட்டர் ஆகிவிடும். அது ஒரு காற்பந்துத் திடலின் நீளம். கைப்பேசியில் ஒரு செய்தியைப் பார்த்தால் அந்த ஒன்றரை வினாடி மூன்றாகும்.

பையன்களிடம் "மெதுவாப் போ" என்று சொன்னால் காதில் ஏறாது. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினால் பேசாமல் பார்ப்பார்கள். நம் சமூகத்தில் எத்தனை வீட்டுக் கூடங்களில் மாலை போட்ட இளம் முகங்கள் தொங்குகின்றன என்று அவர்களுக்கும் தெரியும்.

உண்மையிலேயே முழு வேகத்தைச் சுவைக்க ஆசையா? அதற்கென்று 1999-இல் திறக்கப்பட்ட செப்பாங் அனைத்துலக ஓடுதளம் நம் மாநில எல்லைக்கு அருகிலேயே இருக்கிறது. 5.5 கிலோமீட்டர் நீளம், 15 வளைவுகள். பொதுமக்கள் தங்கள் காரை ஓட்டிப் பார்க்கும் நாள்களும் அங்கே நடத்தப்படுகின்றன. தலைக்கவசம் அணிந்து, எதிரே வாகனம் வராத பாதையில் ஓட்டினால் உங்கள் திறமை எவ்வளவு என்று அரை நாளில் தெரிந்துவிடும். பலருக்கு அந்த அரை நாள் வாழ்நாள் அடக்கத்தையும் கொடுத்துவிடும்.

வீட்டுக்கு உதவும் கார்

மைவியின் மவுசுக்கு வேகம் பாதிக் காரணம்தான். மறுபாதி, அது வீட்டுக்கு உழைக்கும் விதம். மூன்றாம் தலைமுறையின் நீளம் நான்கு மீட்டருக்கும் குறைவு. பின்பெட்டியில் 277 லிட்டர் இடம். பின் இருக்கையை மடித்தால் தைப்பூசத்துக்குப் பால்குடமும் பூக்கூடையும் பாயும் சமையல் பாத்திரமும் எல்லாம் ஏறிவிடும். சிரம்பான் சந்தைப் பக்கம் சனிக்கிழமை காலையில் நுழைந்து பார்த்தவர்களுக்கு, சிறிய இடத்தில் நுழைந்து நிற்கும் காரின் அருமை தெரியும். என் அம்மா அதில் ஏறி இறங்கக் குனியவும் வேண்டாம், எம்பவும் வேண்டாம்.

சாலை வரியைப் பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் 1.5 லிட்டர் காருக்கு ஆண்டுக்கு 90 ரிங்கிட். 1,834 சிசி கொண்ட சத்ரியா ஜிடிஐ-க்கு 297 ரிங்கிட். உதிரிப் பாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். எந்தப் பட்டறைக்காரரும் கண்ணை மூடிக்கொண்டு பழுது பார்ப்பார்.

முன்பு ரப்பரும் செம்பனையும் நின்ற இடங்களில் இன்று சிரம்பான் 2, பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்று குடியிருப்புகள் எழுந்துவிட்டன. தோட்டத்தில் வீடும் வேலையும் ஒரே இடத்தில் இருந்தன. இன்று வீடு ஒரு பக்கம், செனவாங்கிலோ நீலாயிலோ வேலை இன்னொரு பக்கம். இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது பேருந்து இருக்காது. ஆகவே நம் இளைஞனுக்குக் கார் ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் கார், எந்த விலையில், எத்தனை ஆண்டுக் கடனில் என்பதில்தான் அவன் வாழ்க்கையின் அடுத்த பத்து ஆண்டுகள் இருக்கின்றன.

மருமகனோடு போட்ட கணக்கு

என் அக்கா மகனுக்கு வயது 19. செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பிடித்தம் போகக் கையில் வருவது ஏறக்குறைய 2,000 ரிங்கிட். சில மாதங்களுக்கு முன் வீட்டுக்கு வந்தான். அவன் மனத்தில் இரண்டு கார்கள்: ஒன்று புது மைவி, இன்னொன்று யாரோ விற்பதாகச் சொன்ன பழைய சத்ரியா ஜிடிஐ.

"மாமா, ஜிடிஐ கிடைக்கிறதே கஷ்டம் மாமா. இப்ப விட்டா அப்புறம் கிடைக்காது."

"சரிடா, கிடைக்குது. அதுக்கு வயசு என்ன? உன்னைவிட மூத்தது. எந்த பேங்க்ல கடன் தருவான்? காப்புறுதி யார் எடுப்பா? நீ ஷிப்டுக்குப் போற நேரத்துல அது பட்டறையில நின்னா வேலைக்கு எதுல போவ?"

சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்ப புது மைவி எடுத்துடுறேன். மாசம் ஐந்நூறு சொச்சம்தானே மாமா" என்றான்.

தாளை எடுத்தோம். காரின் விலை 50,000 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டோம். முன்பணம் 5,000, கடன் 45,000. தொடக்கக் கடன் தொகையின் மேலேயே கடைசிவரை கணக்கிடும் நிலையான வட்டி ஆண்டுக்கு 3 விழுக்காடு, தவணைக் காலம் ஒன்பது ஆண்டு. வட்டி மட்டும் 12,150. மாதத் தவணை 529 ரிங்கிட். அதையே ஐந்து ஆண்டில் கட்டினால் வட்டி 6,750, மாதம் 862 ரிங்கிட் 50 காசு. ஐந்து ஆண்டுத் தவணை அவனால் முடியாது. ஒன்பது ஆண்டு என்றால் அவனுக்கு 28 வயதாகும்வரை கட்ட வேண்டும்.

தவணையோடு முடிந்துவிடுமா? அவன் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடுவான். மாதம் 26 நாள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர், லிட்டர் இரண்டு வெள்ளி என்று வைத்தால் எண்ணெய்க்கு 140. காப்புறுதி, சாலை வரி, சர்வீஸ், டயர் எல்லாவற்றுக்கும் மாதம் 200 ஒதுக்க வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 870. சம்பளத்தில் நூற்றுக்கு 43 கார் தின்றுவிடும். மீதியில்தான் சாப்பாடும் கைப்பேசியும் அக்காவுக்குக் கொடுக்கும் பணமும்.

காப்புறுதியிலும் இளையவர்கள் கவனிக்க வேண்டியவை உண்டு. ஓர் ஆண்டு இழப்பீடு கேட்காமல் ஓட்டினால் அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் 25 விழுக்காடு கழிவு கிடைக்கும். ஐந்து ஆண்டில் அது 55 விழுக்காடு வரை போகும். 21 வயதுக்குட்பட்டவரோ 'பி' உரிமக்காரரோ ஓட்டும்போது கார் சேதமடைந்தால், பழுதுச் செலவில் முதல் 400 ரிங்கிட்டை நாமே கட்ட வேண்டும். ஒரு சிறு உரசலில் இரண்டும் போகும்.

அந்தத் தாளை மருமகன் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மூன்று மாதம் மோட்டார் சைக்கிளிலேயே போய் 4,000 ரிங்கிட் வரை சேர்த்தான். பிறகு 20,000 ரிங்கிட்டுக்கு ஒரு பழைய மைவி 1.5, கைக்கியர் வகையைக் கண்டுபிடித்தோம். கடன் 16,000, நிலையான வட்டி 4 விழுக்காடு, ஐந்து ஆண்டு. மாதம் 320 ரிங்கிட். 24 வயதில் கார் அவனுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் புக்கிட் புத்துஸ் வளைவுகளில் அவன் கியர் மாற்றப் பழகுகிறான். ஜிடிஐ-யைப் பற்றி இன்னும் பேசுகிறான், ஆனால் "முப்பது வயசுல பார்க்கலாம் மாமா" என்று பேசுகிறான்.

ஒட்டுவேலை எதில் வேண்டும்?

கார் வந்ததும் அடுத்த ஆசை அலங்காரம். சத்தமான புகைக்குழாய், தாழ்த்திய சுருள்வில், பெரிய விளிம்பு. விதிக்கு மாறான புகைக்குழாய்க்குப் போலீசும் சாலைப் போக்குவரத்து இலாகாவும் சம்மன் கொடுப்பார்கள். இயந்திரத்தை மாற்ற அந்த இலாகாவின் அனுமதி வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது தலைவலியாகும். சத்தத்தால் குதிரைத்திறன் கூடாது, அக்கம்பக்கத்தார் சாபம்தான் கூடும்.

அந்தப் பணத்தை நான்கு நல்ல டயர்களில் போடுங்கள். காரும் சாலையும் தொட்டுக்கொள்ளும் இடம் ஒவ்வொரு டயருக்கும் ஓர் உள்ளங்கை அளவுதான். டயர்ப் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியும் தவறு, மழைநாளில் உயிருக்கும் ஆபத்து. பிறகு பிரேக் அட்டை, பிரேக் எண்ணெய், சக்கரச் சீரமைப்பு. முடுக்கத்தைவிட நிறுத்தத்துக்குச் செலவழிப்பவனே நல்ல ஓட்டுநன்.

பழைய கார் வாங்குவோர் பாதுகாப்புக் கருவிகளையும் கேட்டறிய வேண்டும். முதல் தலைமுறை மைவியின் மலிவு வகைகளில் பிரேக் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. கார் சறுக்கும்போது தானே சரிசெய்யும் நிலைப்பாட்டுக் கட்டுப்பாடு 2017 முதல் எல்லா மைவிக்கும் வந்தது. ஆசியான் என்கேப் பாதுகாப்புச் சோதனையில் அந்தத் தலைமுறை ஐந்து நட்சத்திரம் பெற்றது. கையிருப்பு இடம் கொடுத்தால் பளபளக்கும் விளிம்பைவிட இவற்றுக்கே முதலிடம் கொடுங்கள்.

ஆசையைத் தொழிலாக்கலாம்

காரின்மேல் இவ்வளவு மோகம் உள்ள பிள்ளைகள் அதையே ஏன் படிக்கக் கூடாது? தொழிற்பயிற்சிக் கழகங்களிலும் தொழிற்கல்லூரிகளிலும் வாகனத் தொழில்நுட்பம் கற்கலாம். மலேசியத் திறன் சான்றிதழ் முதல் நிலையிலிருந்து மூன்றாம் நிலை வரை போகும். நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. எஸ்.பி.எம்.-இல் 'ஏ' குவிக்காதவருக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. இன்றைய பட்டறையில் கணினியைப் பொருத்திக் கோளாற்றைப் படிக்கிறார்கள். மின்சாரக் கார் வந்த பிறகு உயர் மின்னழுத்தம் தெரிந்த கைகளுக்குத் தேவை கூடுகிறது. இயந்திரத்தைக் காது கொடுத்துக் கேட்கும் பிள்ளையை "படிக்காம காடி காடின்னு திரியுறான்" என்று திட்டுவதற்கு முன், பெற்றோர் இதையும் யோசிக்கலாம்.

கார் பார்க்கப் போகும் இளைஞர்கள் இந்த நான்கு கேள்விகளை எழுதிக் கொண்டு போங்கள். தவணை, எண்ணெய், காப்புறுதி, பழுது எல்லாம் சேர்ந்து என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குமா? கடன் முடியும்போது எனக்கு என்ன வயது? டயரும் பிரேக்கும் எந்த நிலையில் உள்ளன? என் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து இந்தக் காரை எப்படி ஓட்டுவேன்?

நான்காவது கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில் எதுவோ, தனியாகப் போகும்போதும் அப்படியே ஓட்டுங்கள்.